எரிந்த கட்சிப் பொன்னையா

மொட்டப்பாறைத் தோட்டத்துக்கு வந்து பொன்னையா வீடு எது என்று கேட்டால், எந்தப் பொன்னையா என்று திருப்பிக் கேட்பார்கள். எரிந்த கட்சிப் பொன்னையா என்று சொன்னால் போதும். ஏழாம் நம்பர் லயம், கோடிக் காம்பரா, வாசலில் கொய்யா மரம் நிற்கும் என்று நாலு பேர் கைகாட்டுவார்கள்.

ஹல்துமுல்லைக்கு மேலே அந்த மலையில் மாசி மாதம் பிறந்தால் காமன் கூத்து. தவத்தில் இருந்த சிவன் மேல் காமன் மலரம்பு விட்டான், நெற்றிக்கண் திறந்தது, காமன் எரிந்தான். அவன் பெண்சாதி ரதி அழுதாள். அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி சிவன் அவனை எழுப்பிக் கொடுத்தார். கதை இவ்வளவுதான். ஆனால் காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று கூத்தின் கடைசி நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் இரண்டு கட்சி மோதும். ஞானம் வந்த இடத்தில் ஆசை மிஞ்சாது, அவன் எரிந்தது எரிந்ததுதான் என்பது எரிந்த கட்சி. ரதிக்குத் தெரிகிறான் என்றால் இருக்கிறான் என்று அர்த்தம் என்பது எரியாத கட்சி. தப்பு மேளம் அடித்து, பாட்டும் பேச்சுமாக அது நடக்கும். எரிந்த கட்சியில் நின்று பதினேழு வருஷமாகப் பொன்னையா தோற்றதில்லை.

வாதத்துக்காக ஒரு கட்சியில் நின்று பேசிவிட்டுப் போகிற ஆளில்லை அவன். பேசியதை நம்பினான். வேணும் என்கிற சொல்லை வாயில் எடுக்கமாட்டான். லீவு வேண்டாம், ஒழுகுகிற கூரைக்குத் தகரம் வேண்டாம், யாரிடமும் ஒன்றும் கேட்க வேண்டாம். வேணும்ங்கிறது இருக்கிற வரைக்கும் மனுசன் அடிமை, சித்தருங்க சன்னியாசிங்க எல்லாம் சொல்லிட்டுப் போனது அதுதான் என்பான். தோட்டத்தில் அண்ணன் தம்பிக்குள் சண்டை என்றாலும், சாவு வீட்டில் ஆறுதல் சொல்ல ஆள் வேண்டும் என்றாலும் அவனைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

அவன் மனைவி வேலாயி இருபத்தேழு வருஷமாக அவனோடு குடித்தனம் நடத்துகிறவள். "ஆசைய எரிச்சவருக்குத் தேங்காச் சம்பல்ல உப்புக் கொறஞ்சா மட்டும் நெத்திக்கண்ணு தொறந்துக்குது" என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் சொல்லிப் பெண்களைச் சிரிக்க வைப்பாள். அந்தச் சிரிப்புக்கு அடியில் அவளுக்கு ஆறாத கோபம் ஒன்று இருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், எந்த நாட்டுப் பிரஜாவுரிமை வேண்டும், இந்தியாவா இலங்கையா என்று குடும்பம் குடும்பமாக விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்த காலம். எந்த மண்ணா இருந்தா என்ன, சாம்பலுக்கு ஊர் ஒண்ணு தனியா வேணுமா என்று சொல்லிவிட்டு, முதலில் கைக்கு வந்த இந்தியப் பாரத்தில் பொன்னையா கையெழுத்துப் போட்டான். வேலாயியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்குத் தங்கின ஒரே பிள்ளை இராக்கம்மா. அப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மாப்பிள்ளை வீட்டார் இலங்கைக்குப் போட்டுவிட்டார்கள். மலைக்கு அந்தப்பக்கம் ஒரு மணி நேர நடையில் இருக்கும் மகளுக்கும் தங்களுக்கும் நடுவில் கடல் வந்து நிற்கப் போகிறது என்பது வேலாயிக்கு உறைக்கச் சில மாதம் ஆனது. உறைத்தபோது பாரம் கொழும்புக்குப் போய்விட்டிருந்தது.

இராக்கம்மாவுக்கு இரண்டு தரம் உண்டாகி இரண்டும் ஐந்தாம் மாதத்தில் போயிற்று. மூன்றாவது தரம் உண்டானபோது வேலாயி மாரியம்மன் கோயில் முன்னால் நின்று வேண்டிக்கொண்டாள். இந்தப் பிள்ளை தங்கட்டும் ஆத்தா, இந்த வருஷமும் என் புருஷனைக் காமனுக்குக் காப்புக் கட்ட வைக்கிறேன். பொன்னையாவுக்குத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி வெட்டி முழங்கால் போயிருந்தது. இந்த வருஷம் வேறு யாராவது கட்டட்டும், நான் வாதத்துக்கு மட்டும் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்.

"ஓங்களுக்காகக் கேக்கல. புள்ளைக்காகக் கேக்குறேன். ஆத்தாகிட்ட வாய் குடுத்துட்டேன்" என்று வேலாயி விடாமல் நின்றாள்.

"சரி. ஒனக்கு வேணும்னா கட்டுறேன்" என்றான் அவன்.

காப்புக் கட்டினவனுக்கு விரதம் கடுமை. கவுச்சி கூடாது, படுக்கை கோயில் மண்டபத்தில். எல்லாவற்றுக்கும் மேலே, காமன் எரிந்து காப்பு அறுக்கிற வரைக்கும் அவன் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. எல்லை என்பது பாலத்தடி ஆறு. தாண்டினால் அந்தக் குற்றம் யாருக்காக வேண்டிக்கொண்டார்களோ அவர்கள் மேல்தான் விழும். மஞ்சள் துணியை அவன் மணிக்கட்டில் கட்டியபோது வேலாயிக்குக் கண் கலங்கியது. மகளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

காப்புக் கட்டிய ஒன்பதாம் நாள் அரசாங்கக் காகிதம் வந்தது.

வெயில் சுள்ளென்று அடித்தாலும் நிழலில் குளிர்கிற மாசிமாதப் பகல். வேலாயி அரை நாள் வேலைக்குப் பேர் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துச் சுருட்டிக் கூடைக்குள் திணித்துக்கொண்டு, சந்தியில், அண்ணன் முறைக்கு எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற மொஹிதீனின் கடைக்கு இறங்கினாள். தோட்டத்துக்கு வருகிற காகிதங்களைப் படித்துச் சொல்வதும் அந்தக் கடையின் வியாபாரம் மாதிரிதான், கூலி வாங்காத வியாபாரம். மொஹிதீன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, இரண்டு தரம் படித்தார்.

"தங்கச்சி, இங்க ஈக்கிற வெசா முடிஞ்சி. வார மாசம் பன்னண்டாந் தேதி தலைமன்னாருல கப்பல் ஏறணும் எண்டு போட்டீக்கி."

வேலாயி கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். "மகளுக்குப் பேறு வர்ற மாசத்துக்கு அடுத்த மாசம், நானா. அதுவரைக்கும் இருக்கவாச்சும் ஏதும் வழி போட்டுருக்கா?"

"ஈக்கி. காரணம் சொல்லித் தவணை கேக்க ஏலும். ஆனா குடும்பத் தலைவர் தானே நேர்ல பதுளைக் கந்தோருக்கு வரணும் எண்டு ஈக்கி. இந்த வெள்ளிக்குள்ள."

"வெள்ளிக்கெழமையா? ஞாயித்துக்கெழமதான நானா காப்பு அறுக்கிறது."

காப்பைப் பற்றி அவருக்குச் சொல்லத் தேவையில்லை. கூத்துக்கு வெல்லமும் தேங்காயும் அந்தக் கடையிலிருந்துதான் போகும். அவர் பால் விடாத சாயத்தண்ணி ஒன்றை ஊற்றி, சீனிக் கட்டி ஒன்றோடு அவள் பக்கம் நகர்த்தினார்.

"எங்கட மார்க்கத்துல ஒரு வழி ஈக்கி, சொல்றேன் கேளுங்க. ஒத்தன் அல்லாட பேர்ல சத்தியம் பண்ணிட்டான். பொறகு அத விட நல்ல காரியம் ஒண்டு முன்னுக்கு வருது. அப்ப சத்தியத்த முறிச்சிட்டு அந்த நல்லதச் செய்யணும். முறிச்சதுக்குப் பத்து ஏழைக்கு வயிறார சாப்பாடு குடுக்கணும். அல்லாவுக்கு மனுசன இறுக்கிக் கட்டிப் பாக்குறதுல ஆச இல்ல."

"பத்துப் பேருக்கா?"

"பத்துப் பேருக்கு. அரிசி நான் தாறேன். ஒங்கட பொன்னையாகிட்ட நான் சொன்னேன் எண்டு சொல்லுங்க."

மலையேறும்போது வேலாயிக்குக் கால் தரையில் படவில்லை. இத்தனை பெரிய பூட்டுக்கு இப்படி ஒரு சின்னச் சாவி இருந்திருக்கிறதே என்று நினைத்தாள். மொஹிதீனின் சாமி மேல் அவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

பொன்னையா கோயில் முற்றத்தில் காமன் கம்பத்துக்கு வைக்கோல் பிரி திரித்துக்கொண்டிருந்தான். விரதக்காரனைத் தொடக்கூடாது என்பதால் அவள் நாலு முழம் தள்ளி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பிரியைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"நல்ல வழிதான். பெரிய மனசுள்ளவன் யாரோ யோசிச்சுச் சொன்னது" என்றான்.

"அப்பப் பொறப்படுங்க. நாளைக்கு விடிய மொத பஸ்ஸுக்குப் போனா ஆபீசு தொறக்கையில நிக்கலாம்."

"அது அவங்க பாதை வேலாயி. அதுல நடக்கிறவனுக்கு அது தாங்கும். நாம ஆத்தாகிட்டக் கட்டுன காப்ப, நானா கடை அரிசியில அவுக்க முடியுமா?"

"வேற யாரும் அவுக்க வேணாம், நான் அவுக்கிறேன். வேண்டிக்கிட்டவ நான். பாவம் எனக்கு வரட்டும்."

"ஒனக்கு வந்தா பரவால்ல. எனக்கு வந்தா அதவிடப் பரவால்ல. யாருக்காக வேண்டுன நீ?"

வேலாயி மகள் இருக்கிற மலைப் பக்கம் பார்த்தாள்.

"ரெண்டு போயிருச்சு. மூணாவது ஏழு மாசம் தங்கி நிக்குது. நான் பாலத்தத் தாண்டுற அன்னைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு வலி வந்துச்சுன்னா, அது காப்பாலயா வேற எதாலயான்னு நீ யாருகிட்டப் போய்க் கேப்ப? ஆயுசுக்கும் என் மொகத்த நீ பாப்பியா?"

அவன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவளால் மறுக்க முடியவில்லை. அவளும் அப்படித்தான் நம்பினாள். நம்பியதால்தானே வேண்டினாள். மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் அவன் ஆற்றைத் தாண்ட வேண்டும். அவன் ஆற்றைத் தாண்டினால் மகளுக்கு ஆகாது. தாயாக நின்று அவளே கட்டிய கட்டு, எந்தப் பக்கம் இழுத்தாலும் மகள் கழுத்தில்தான் இறுகியது.

"ஒங்களுக்குக் கவல இல்ல. எரிஞ்ச கச்சி. போன்னா போவீங்க, இருன்னா இருப்பீங்க" என்றாள், வேறு ஒன்றும் தோன்றாமல்.

"அப்படித்தான் இருக்கணும்னு நெனைக்கிறேன்."

"எனக்கு வேணும். கேட்டுக்கங்க, எனக்கு வேணும். எம்புள்ள வலியில கத்துறப்ப அவ இடுப்ப நான் புடிக்கணும். பெத்தவளுக்கு இது பேராசையா?"

பொன்னையா பிரியைத் திரித்துக்கொண்டே இருந்தான். திரிக்கிற கை எப்போதும் வலப்பக்கம் போகும். அன்று இடப்பக்கம் போய், அதுவரை திரித்த முறுக்கெல்லாம் பிரிந்துகொண்டிருந்தது. வேலாயி அதைப் பார்த்தாள். அவளுக்கு இருந்த ஆத்திரத்தில் அதைச் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அவளே பதுளைக்குப் போனாள். இரண்டு கோதுமை ரொட்டியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, முதல் பஸ்ஸில் பண்டாரவளை போய், அங்கிருந்து இன்னொன்று பிடித்தாள். தமிழ் தெரிந்த கிளாக்கர் ஒருவர் அவளை வாங்குப் பலகையில் உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"காப்புக் கட்டியிருக்காருங்க. தோட்டத்த விட்டு வரக்கூடாதுங்க."

"சொகமில்லையா?"

"இல்லைங்க. நல்லாத்தான் இருக்காரு."

கிளாக்கருக்கு அவள் மேல் இரக்கம் இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. "சொகமில்லன்னாலும் டாக்டர் துண்டு கேப்பேன். இதுக்கு என்ன துண்டு கேக்கிறது? நாலு மணிக்குள்ள அவரக் கூட்டிட்டு வாங்க, நான் இருந்து எழுதித் தர்றேன்" என்றார். அப்போது மணி பன்னிரண்டே கால். தோட்டத்துக்குப் போகவே நாலு மணியாகிவிடும். சுகமில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு வழி திறந்திருக்குமோ என்று திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்தாள். விரதக்காரனுக்கு நோய் என்று பொய் சொல்லவும் அவளுக்கு நாக்கு வந்திருக்காது. வீடு வந்து சேர்ந்தபோதுதான் ரொட்டி முடிச்சு அவிழ்க்காமலே இருப்பதைக் கவனித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் சாய்கிற நேரத்தில் பெரட்டுக்களத்தில் ஆட்டம் கூடியது. தோட்டத்தின் கீழ்ப் பிரிவு, மேல் பிரிவு இரண்டும் வந்துவிட்டன. தப்புக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள். தெற்கே மலை இறங்கி முடிகிற இடத்தில் தாழ்நிலக் காடு நீலமாகத் தெரிந்தது. இராக்கம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு மலையைச் சுற்றி நடந்து வந்திருந்தாள். மேல் பிரிவு மாரிசாமியின் மனைவி பெரியாயி அவளைத் தன் பக்கத்தில் பாய் போட்டு உட்கார வைத்தாள். தோட்டத்துப் பிரசவம் பாதிக்கு மேல் பெரியாயி கையில்தான்.

மாரிசாமி எரியாத கட்சி. பதினேழு வருஷமாகப் பொன்னையாவிடம் தோற்கிறவன். தோற்றுவிட்டு அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு போகிறவன். இலங்கைப் பிரஜாவுரிமைக்காரன். அவன் தப்பு அடிக்கு ஏற்றபடி முன்னால் வந்து பாடினான்.

"சாம்பலாப் போனவன் சாம்பலாப் போனான்னா
சஞ்சலம் ரதிக்கு ஏன் வந்துச்சு?
கூப்பிட்ட குரலுக்குக் காதில்லேன்னு சொன்னா
கூவின வாய் யாரத் தேடுச்சு?"

கூட்டம் சிரித்தது. பொன்னையா வழக்கம்போல் பதில் பாடினான். சூடு பட்டவன் தீ அணைந்த பிறகும் கத்துவான், அதனால் தீ இருக்கிறது என்று ஆகுமா என்று கேட்டான். கீழ்ப் பிரிவு விசிலடித்தது. இப்படி ஏழெட்டுக் கேள்வி போயிற்று. எல்லாவற்றையும் அவன் மடக்கினான். வேலாயி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். இவனுக்கு வாயில் மட்டும் தடையில்லை என்று எரிச்சலாக வந்தது.

மாரிசாமி கடைசிக் கேள்வியை வைத்திருந்தான். வருஷா வருஷம் அதே கேள்விதான்.

"சரி வாத்தியாரே. முழுக்க எரிஞ்சவன, ரதி கண்ணுக்கு மட்டும் தெரியும்படி சிவன் ஏன் எழுப்புனாரு? ஞானத்துக்கு மேல ஞானம் இல்லாதவரு, ஒரு பொம்பள அழுதான்னு எறங்கி வந்தாரே, அது ஏன்?"

இதற்குப் பொன்னையாவிடம் பதில் உண்டு. அவளுக்குத் தெரிந்தது காமன் இல்லை, அவளுடைய நினைப்பு. நினைப்பையும் விட்டிருந்தால் அதுவும் தெரிந்திராது. வேலாயிக்கே மனப்பாடம். அவன் வாயைத் திறக்குமுன் அவள் மனதுக்குள் சொல்லியும் பார்த்துவிட்டாள்.

பொன்னையா பெண்கள் பக்கம் திரும்பினான். இராக்கம்மா பாயில் காலை நீட்டி, வீங்கின பாதத்தைத் தடவிக்கொண்டு அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு இரண்டு சுற்று அடித்து ஓய்ந்தது. அவன் பாடவில்லை. இன்னொரு சுற்று அடித்துப் பார்த்தார்கள்.

"தெரியல மாரிசாமி" என்றான்.

"என்னா?"

"அவன் எரியல. எங்க கச்சி தோத்துருச்சு."

மேல் பிரிவுக்காரர்கள் பதினேழு வருஷம் காத்திருந்த வெற்றி வந்தும் ஒருவரும் விசிலடிக்கவில்லை. மாரிசாமிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வேலாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு புருஷன் எதிரில் போய் நின்றாள்.

"இத ஏழு வருசத்துக்கு முந்திச் சொல்லியிருக்கணும். அந்தப் பாரத்துல கையெழுத்துப் போடுறப்ப" என்றாள்.

"ஆமா. அப்பத் தெரியல" என்றான் பொன்னையா. "வேணாம் வேணாம்னு சொல்லிச் சொல்லி வேணாம்னே நம்பிட்டேன். வெள்ளிக்கெழமை பூராவும் பாலத்தடியில போய் நின்னேன் வேலாயி. ஒரு கால எடுத்து வைக்கவும் முடியல, திரும்பி வரவும் முடியல. சாயந்தரம் வரைக்கும் அங்கதான் நின்னேன்."

அவளுக்கு இது தெரியாது. பதுளையிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து சந்தியில் இறங்கி, குறுக்குப் பாதையால் ஏறி வந்ததால் அவள் பாலத்தைப் பார்க்கவில்லை. கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் அவள் அழுதாள். தோட்டமே பார்க்க அழுதாள்.

பொன்னையா கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு பாய்ப் பக்கம் நடந்தான். விரதக்காரன் பெண்கள் இருக்கிற இடத்துக்குப் போகக்கூடாது, மூன்று முழத்துக்கு முன்னால் நின்றுகொண்டான்.

"பெரியாயி, எனக்கு ஒண்ணு வேணும்."

அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்து அந்தத் தோட்டத்தில் ஒருவரும் கேட்டதில்லை. பெரியாயி எழுந்து நின்றாள்.

"சொல்லுங்கண்ணே."

"எங்களுக்குக் கப்பல் தேதி வந்துருச்சு. புள்ளைக்கு நோவு கண்டா நீ போகணும். மலைக்கு அந்தப் பக்கம்னு பாக்காத. ராத்திரின்னாலும் மழைன்னாலும் மாரிசாமியக் கூட்டிக்கிட்டுப் போயிரு. நான் யாருகிட்டயும் கேட்டதில்ல. ஓங்கிட்டக் கேக்குறேன்."

"கேக்கணுமா? எம்புள்ளையா இருந்தா போகமாட்டனா?"

வேலாயி மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து பெரியாயியின் கையைப் பிடித்தாள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. "அவ கத்த மாட்டா பெரியாயி. சின்னதுல இருந்தே வாயக் கடிச்சுக்குவா. கத்தலன்னு வலி இல்லன்னு நெனச்சுராத. இடுப்புல எடது பக்கம் அமுக்கிவிடு, அவளுக்கு அங்கதான் வலிக்கும். பொறந்தவொடன கொத்தமல்லித் தண்ணி குடு, கசாயம் கொமட்டும் அவளுக்கு." இராக்கம்மா அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, போதும்மா போதும்மா என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

"எல்லாம் பாத்துக்கிறேன்" என்றாள் பெரியாயி. "நல்லபடியாப் பொறந்ததும் மொத வேலையா மொஹிதீன் நானா கடையில காகிதம் எழுதி வாங்கிப் போட்டுர்றேன். ஆம்பளயா பொம்பளயான்னு நீங்க தெரிஞ்சுக்க வேணாமா. எந்த வெலாசத்துக்குப் போடணும், அதச் சொல்லுங்க."

வேலாயி பொன்னையாவைப் பார்த்தாள். பொன்னையா வேலாயியைப் பார்த்தான். கப்பல் எந்தக் கரையில் விடும் என்று தெரியும். அதற்கப்புறம் எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுக் கூரை என்பது அவர்களுக்குத் தெரியாது. பாட்டன் பேரும் ஜில்லாப் பேரும் மட்டும் கடவுச்சீட்டில் எழுதியிருந்தது.

காமனைக் கொளுத்த நேரமாகிவிட்டது என்று தப்புக்காரர்கள் கூப்பிட்டார்கள். பெரியாயி பதிலுக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.